காட்ட என்ன இருக்கிறது?

ஓய்வுபெறும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளி ஒருவர், சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மைத் தேடி அறைவீட்டிற்கு வந்தார். "சாமி, பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். நான்கு நாள் தங்குவார்கள். புகைபோக்கியையும் மண்மேட்டையும் தவிர இங்கே அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் உழைத்தவர் கேட்கும் கேள்வியா இது என்று சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. பணி முடிந்ததும் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். பிறந்த ஊரிலோ வீடும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊரெல்லாம் வட்டம் எண்களே. ஆக, அவர் கேட்டது விருந்தினருக்காக மட்டுமன்று என்பது நமக்குச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

அவருடைய சம்பந்தி கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர் என்பதை அறிந்தபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டம் நம் நினைவுக்கு வந்தது. அந்நாட்டின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பகுதி அது. ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களால் வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு வேலை குன்றியபோது சுரங்கத்தார் உலகெங்கும் சிதறினர். அவருள் பலர் கோலாருக்கும் வந்தனர். அவர்களின்கீழ் நிலத்தடியில் இறங்கி உழைத்தவருள் தமிழர் ஏராளம். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. கோலார் 2001இல் மூடப்பட்டது. இன்று கார்ன்வாலுக்குச் செல்லும் விருந்தினருக்குக் கடற்பாறைகளோடு, கூரையிழந்து நிற்கும் பழைய பொறிக்கூடங்களையும் பெருமையோடு காட்டுகிறார்கள். 2006இல் அவை உலக மரபுச் சின்னமாயின. கோலாரிலிருந்து வருபவர் நம் சுரங்கத்தைப் பார்த்ததும் என்ன கேட்பார் என்பதை நம்மால் ஊகிக்க முடிகிறது. இது எத்தனை நாளைக்கு என்பதுதான் அவர் முதற்கேள்வியாக இருக்கும்.

எனினும், சுரங்கத்தையே முதலில் காட்டுமாறு அவரிடம் கூறினோம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருந்துகள்கள் வெளிப்பட்டதையும், 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததையும் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். நிலம் கொடுத்துப் பெயர்ந்துபோன கிராமத்தாரைப் பற்றி அவ்வளவாகப் படித்திருக்க மாட்டார்கள். அதைப் பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும். சுரங்க விளிம்பில் நின்றால் மேலே செம்மண்ணும் மணற்கல்லும், அடியில் கரும்பழுப்புப் படலமும் தெரியும். அம்மணற்கல்லுக்கு நிலவியலார் இட்ட பெயர் கடலூர் மணற்கல் என்பதாகும். அடியில் உள்ளதோ, பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புநிலக் காடுகள் புதையுண்டு உருவான பழுப்பு நிலக்கரி.

அங்கிருந்து பேருந்தில் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் செல்லலாம். வடலூரில் இறங்காமற் போவது பிழை. வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையவில்லை; பசித்து வந்தவர் எவராயினும் அங்கே உண்ணலாம். முந்திரித் தோப்புகளைக் கடந்து கடலூரை நெருங்கும்போது கேப்பர் மலையில் மறுபடியும் அதே செம்மண் எதிர்ப்படும்.

தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித தாவீது கோட்டையைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர். எஞ்சியவை சில இடிபாடுகளே. ஆனால் கதை சுவையானது. 1690இல் சென்னை ஆளுநர் எலிகு யேல் காலத்தில், மராத்தியரிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் சேர்த்தே விற்கப்பட்டன. சுட்டவர்கள் சிறிய பீரங்கியையா தேர்ந்திருப்பார்கள்? அவ்வூர்கள் நெடுங்காலம் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. யேல் வேல்ஸ் வழிவந்தவர். புனித தாவீது வேல்ஸ் நாட்டின் பாதுகாவலர். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் சில ஆண்டுகள் தென்னிந்திய ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டையே. 1758இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

அதே கடற்கரையில் விருந்தினருக்குச் சொல்ல வேண்டிய வேறொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை; திருச்சபை திருக்குடும்ப விழாக் கொண்டாடிய காலை. ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கடற்கரைக்கே வராத குடும்பங்கள் நம் பங்கிலும் இருக்கின்றன. அவர்களை நாம் வற்புறுத்துவதில்லை.

தெற்கே பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை முதல் நாள் ஐதர் அலியும் அயர் கூட்டும் பொருதிய களம். 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை நிறுவியதும் இவ்வூரில்தான், அது நிலைக்கவில்லை. இன்று வெள்ளாற்று முகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. சிதம்பரத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்ததே.

பிச்சாவரத்திற்கு மட்டும் ஒரு முழுக் காலைப் பொழுது ஒதுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கால்வாய்கள், நீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை, கரையோரத்தில் தில்லை மரம். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த மரம் அது. 1975இல் வெளிவந்த இதயக்கனி படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை என்று சொன்னால் சம்பந்தி மகிழக்கூடும். பேரலையன்று இக்காடு அலையின் வேகத்தைத் தணித்ததால், அதன் பின்னிருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாயிருந்ததென ஆய்வாளர் கண்டனர். காட்டின் மறைவில்லாத எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. முன்பே சீரழிந்திருந்த பகுதிகளில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி, கன்று நட்டுக் காட்டை மீட்டவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர்மக்களும்.

படகு நிழலுக்குள் நுழைந்ததும் பேரப்பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுமாறு நம் நண்பரைக் கேட்டுக்கொண்டோம். இதைப்போன்ற சதுப்புக்காடு புதையுண்டதைத்தான் தாத்தா இத்தனை ஆண்டு வெட்டி எடுத்தார் என்பதை அவர்கள் அங்கே அறியட்டும்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது விருத்தாசலம் பக்கம், கடலுக்கு நேர் எதிர்த்திசை. தனியாக ஒரு நாள் வேண்டும். சனவரி 23இல் அங்கே திருவிழா. அதுவரை சம்பந்தி வீட்டாரை இருக்கச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

பிச்சாவரம் செல்வோர் வெயில் ஏறுமுன் படகேறுவது நல்லது. துடுப்புப் படகையே கேளுங்கள். பெரிய படகுகள் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையா. குடிநீரும் தொப்பியும் மறவாதீர்கள்.