தராசு பொய் சொன்னாலும் கோடு சொல்லாது

கலைப்பீடத்துல படிக்கிறவனுக்குப் பௌதிகவியல்ல என்ன வேலை எண்டு கேப்பீங்க. நியாயமான கேள்விதான்.

போன லீவுக்குக் கனமூலைக்கு வந்தப்ப, உயர்தரம் படிக்கிற தங்கச்சி கேட்டா: "உராய்வுக் குணகம் காண வரைபு எதுக்கு நானா? இழுக்கிற விசையை ஒருதரம் அளந்து, செவ்வன் மறுதாக்கத்தால வகுத்தாப் போதாதா?" விடை அவட புத்தகத்துல இருந்துச்சு. காரணம் இல்ல. அந்தச் செய்முறையை அவ கண்ணால கண்டதும் இல்ல.

செஞ்சு பாத்தோம். ஒரு பலகை, கடையில நிறுத்த மணல் பைகள், வாப்பா மீன் நிறுக்கிற பழைய விற்றராசு. சீமெந்துத் தரையில பலகையை வச்சு மெதுவா இழுத்து, அது அசையத் தொடங்குற கணத்துல தராசு காட்டினதைக் குறிச்சோம். அதுதான் எல்லை உராய்வு. பலகையோட சேர்த்து பாரம் 1, 2, 3, 4, 5 கிலோ. தராசு காட்டினது 0.6, 1.1, 1.4, 1.9, 2.3. ரெண்டு பக்கமும் கிலோவுல இருந்ததால நியூற்றனுக்கு மாத்தவும் தேவைப்படல்ல.

வகுத்துப் பாத்தா முதலாவது 0.6, கடைசி 0.46. எது சரி? ஒண்டுமே சரியில்ல. புள்ளிகளுக்கு ஊடா நேர்கோடு கீறினோம். படித்திறன் 0.42. கோடு உற்பத்தியால போகாம நிலைக்குத்து அச்சை 0.2ல வெட்டிச்சு. தராசைச் சும்மா பிடிச்சுப் பாத்தோம். ஒண்டும் கொளுவாமலே 0.2 காட்டுது!

தங்கச்சிக்கு விடை கிடைச்சிட்டுது. தராசுட பிழை எல்லா வாசிப்பிலயும் ஒரே அளவா ஏறியிருக்கு. அது கோட்டை மேல தூக்கும், சரிவை மாத்தாது. பிழையை வெட்டுத்துண்டு காட்டிக் கொடுக்குது, குணகத்தைப் படித்திறன் காப்பாத்துது.

பாரம் இரட்டிச்சா உராய்வும் இரட்டிக்கும் எண்டு அமொன்தோன் சொன்னது 1699ல. பிறகு கூலோம் உராய்வை ஆராய்ஞ்சது பிரான்சின் ரோஷ்ஃபோர் துறைமுகத்துல, கப்பல் கட்டுற இடத்துல. மணல்ல தோணி இழுக்கிற நம்ம ஆக்களுக்கு இது அந்நியமான பாடமே இல்ல.

ஆனா 1சி பாடசாலைகள்ல உயர்தரம் எண்டா கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானப் பிரிவுக்கு 1ஏபி பாடசாலையைத் தேடிப் போகணும். எனக்குக் கலை கிடைச்சதும் அப்படித்தான். அதுல வருத்தமில்ல, ஆனா அதை நான் தெரிவு செஞ்சேன் எண்டு சொல்ல மாட்டேன். "விஞ்ஞானம் நமக்குச் சரிவராது" எண்டு சொல்ற பிள்ளைகள்ல எத்தனை பேர் ஒரு தரமாவது எதையாவது அளந்து பாத்திருக்காங்க?

பலகையும் மணலும் ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது. ஆய்வுகூடத்தை நாம கேட்டுக்கொண்டே இருக்கணும். அது வரும் வரைக்கும் பிள்ளைகள் சூத்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டே இருக்கணும் எண்டும் இல்ல. லீவுல ஊருக்கு வாற பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு பின்னேரம் ஒதுக்கினாப் போதும். தராசு பழசா இருந்தா இன்னும் நல்லம்.