கடைசி இடத்துக்கு முன்பதிவு கிடையாது

ஆகஸ்டு பிறந்தால் பெங்களூரில் ஆரூடம் சூடு பிடிக்கிறது. இந்திராநகரில் பெரிய திரை மாட்டிய பப்பானாலும் சரி, பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் அல்சூர் கௌதமபுரமானாலும் சரி, புதிய சீசனில் எந்தக் கிளப்புகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் என்று சொல்லாத கால்பந்து ரசிகர் அரிது. கோப்பை யாருக்கு என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள், இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி நழுவுவார்கள். விழப்போவது யார் என்று கேட்டால் மட்டும் தயக்கமே இல்லை. “இந்த மூணும் காலி மச்சா!” அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் எழுதாத சட்டங்கள் மூன்று உண்டு. போன வருடம் அடியில் தத்தளித்தது இந்த வருடம் மூழ்கும். புதிதாக ஏறி வந்தது வந்த வேகத்தில் இறங்கும். காசில்லாதது எப்படியும் விழும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. இந்தியக் கால்பந்தின் சமீப வரலாறோ மூன்றின் முகத்திலும் கரி பூசியிருக்கிறது.

2015-16இல், அப்போது நாட்டின் முதல் பிரிவாக இருந்த ஐ லீகில் ஒன்பது அணிகள். சாம்பியன் நம் பெங்களூரு எஃப்.சி. எட்டாவது இடம் மிசோரமின் ஐசால் எஃப்.சி.க்கு. அந்த சீசனில்தான் ஏறி வந்திருந்த ஐசாலுக்குத் தரமிறக்கம் என்று தீர்ந்தது. பிறகு கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங் கிளப்புகள் லீகைவிட்டு விலகின. காலியான இடத்தில் ஐசாலைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். புதியது, சிறியது, போன வருடம் விழுந்தது என்று ஆரூடக்காரரின் மூன்று சட்டங்களும் ஒரே கிளப்பில் பொருந்தின. அந்த ஐசால் 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் 1-1 என டிரா செய்து, மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 37 புள்ளிகளுடன் இந்தியாவின் சாம்பியன் ஆனது. வடகிழக்கிலிருந்து தேசிய லீகை வென்ற முதல் கிளப் அதுதான்.

குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பீர்கள். அடுத்த வருடத்தைப் பாருங்கள். 2016-17இல் பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்து மயிரிழையில் தப்பிய மினர்வா பஞ்சாப், 2017-18இல் கோப்பையைத் தூக்கியது. அதே சீசனில் இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த மணிப்பூரின் நெரோகா இரண்டாம் இடம் பிடித்தது. அதற்கடுத்த வருடம் தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. கோவை நேரு ஸ்டேடியத்தைத் தாயகமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. முந்தைய இரண்டு சீசன்களிலும் எட்டாவது இடத்திலேயே கிடந்தது. 2019 மார்ச் 9 அன்று, முதல் கோலை வாங்கிய பிறகு மினர்வாவை 3-1 என வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியில் முந்தி அது பட்டம் வென்றது. அந்த சீசனில் பெத்ரோ மான்சி என்ற ஒற்றை ஆள் அடித்த கோல்கள் 21. ஆக, அடுத்தடுத்து மூன்று சாம்பியன்கள் முந்தைய வருடத்தின் அடிவரிசையிலிருந்து வந்தவர்கள். மூன்று முறையும் ஆகஸ்டு ஆரூடக்காரர்கள் தேசத்தின் சாம்பியனைத்தான் பாடையில் ஏற்றியிருப்பார்கள்.

“இந்திய லீகைக் கொண்டுவந்து பேசாதே, இங்கிலாந்தைப் பார்” என்பது வழக்கமான பதில். பார்ப்போம். பிரீமியர் லீகில் 2023-24 சீசனில் ஏறி வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட் மூன்றும் இறங்கின. 2024-25இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் இறங்கின. ஆரூடத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய 2022-23ஐ ஏன் மறைக்கிறீர்கள்? அந்த வருடம் ஏறி வந்த ஃபுல்ஹாம், போர்ன்மௌத், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மூன்றும் தங்கின. விழுந்தவற்றில் ஒன்று 2016இன் சாம்பியனான லெஸ்டர். ஒரு வருடம் மூன்றுக்குப் பூஜ்யம், அடுத்த வருடம் மூன்றுக்கு மூன்று என்று கொடுக்கும் சட்டத்தை வைத்து என்ன செய்வது? பணம் அதிகமுள்ள கிளப்புகள் பல வருடச் சராசரியில் மேலே நிற்கும், உண்மைதான். அதிலிருந்து வருகிற மே மாதத்தில் எந்த மூன்று பெயர்கள் கீழே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு புள்ளியில் பட்டமே கை மாறும் விளையாட்டில், ஒரு புள்ளியில் உயிரும் போகும்.

இன்னொன்று: யார் விழுவது என்பதை நம் நாட்டில் மைதானம் மட்டும் முடிவு செய்வதில்லை. 2014-15 ஐ லீகை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு அணிகளில் கடைசி இடம் புனேயின் பாரத் எஃப்.சி. இறங்கியதோ பத்தாவதாக வந்த டெம்போ, ஐந்து முறை தேசிய சாம்பியனான டெம்போ. பாரத் எஃப்.சி. பெரிய நிறுவனம் ஒன்றின் நேரடி நுழைவு அணி, அதற்குத் தரமிறக்கத்திலிருந்து விலக்கு. அப்படிக் காப்பாற்றப்பட்ட அணி அந்த ஒரே சீசனோடு கடையைக் கட்டிவிட்டது. அடுத்த வருடமும் அதே நாடகம்: ஐசாலுக்கும் கீழே, ஒன்பதாவதாக வந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் விலக்கின் பெயரில் தப்பியது. 2012-13 சாம்பியன் சர்ச்சில் பிரதர்ஸ், 2014 ஜனவரியில் ஃபெடரேஷன் கோப்பையையும் வென்றது. அதே வருடம் உரிம நிபந்தனைகளைக் காரணம் காட்டி அதை லீகிலிருந்து வெளியேற்றினார்கள். எந்த ஆரூடக்காரர் இதை வீரர்களின் பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருப்பார்?

மைதானத்துக்குள்ளேயே நின்று பேசினாலும், முக்கியமானவை ஆகஸ்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹைதராபாத் எஃப்.சி. 2021-22இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன், அடுத்த சீசனில் லீகில் இரண்டாம் இடம். 2023-24இல் கடைசி. காரணம், சம்பள பாக்கி. வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, கிளப் நடுத்தெருவுக்கு வந்தது. பயிற்சியாளரின் கை இன்னொரு கணக்கு. காலித் ஜமீல் பல வருடம் மும்பை எஃப்.சி.யைத் தூக்கி நிறுத்தினார். அவர் போன பிறகு 2016-17இல் மும்பை கடைசியாக வந்து இறங்கியது, அதே சீசனில் அவர் ஐசாலைச் சாம்பியன் ஆக்கினார். 2023-24இல் பதினொன்றாம் இடத்தில் முடித்த ஜாம்ஷெட்பூரை மறு வருடமே அரையிறுதிக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

வெட்டிப் பேச்சுதானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. இந்த நம்பிக்கை ஆட்டத்தை நடத்துகிறவர்களின் மேஜை வரை போய் உட்கார்ந்திருக்கிறது. பலவீனமானவர் யார், பலசாலி யார் என்பது முன்பே தெரியும் என்றால், பலசாலிகளை வேலிக்குள் வைத்துவிட்டால் போதும் அல்லவா? தரமிறக்கம் இல்லாமல் 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். அந்த வேலிதான். முதலீட்டைக் காக்க வேண்டும், சின்னக் கிளப்புகள் எப்படியும் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் வகுத்த வழித்தடம், 2024-25 முதல் ஏற்றமும் இறக்கமும் முழுமையாக வரும் என்றது. அந்த சீசன் வந்தது, முதல்முறையாக ஏறியிருந்த முகமதன் ஸ்போர்ட்டிங் பதின்மூன்றாவதாக, கடைசியாக முடித்தது, யாரும் இறங்கவில்லை.

அந்த வேலியின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் பெங்களூருக்கு வாருங்கள். 2023-24இல் பெங்களூரு எஃப்.சி. பன்னிரண்டு அணிகளில் பத்தாவது. ஆடும் விதம் சரியில்லை என்று கண்டீரவா ஸ்டேடியத்தின் வெஸ்ட் பிளாக்கில் முணுமுணுப்பு எழுந்திருக்கலாம், ஆனால் கிளப்பின் இடத்துக்கு ஆபத்தில்லை. அடுத்த வருடம் அதே அணி இறுதிப் போட்டி வரை போனது. இன்னொரு பக்கம் எஸ்.சி. பெங்களூரு. மூன்றாம் பிரிவில் ஆடி, வென்று, அதற்குள் இரண்டாம் பிரிவாகியிருந்த ஐ லீகுக்கு ஏறியது. 2024-25இல் தடுமாறியது, இறங்கியது. ஒரே ஊரின் இரண்டு கிளப்புகள். ஒன்றுக்கு மோசமான வருடம் என்பது பாடம், மற்றொன்றுக்குத் தண்டனை. பத்தாவதாக வந்த அணி மறு வருடம் இறுதிக்குப் போக முடியும் என்றால், பதினொன்றாவதாக வந்த சின்னக் கிளப் மட்டும் விதிக்கப்பட்டதா?

வேலி போட்டவர்களுக்கும் அந்த ஜோசியம் பலிக்கவில்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லை அப்போது நடத்திவந்த நிறுவனம், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோடு உள்ள ஒப்பந்தம் தெளிவாகவில்லை என்று அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. எந்தக் கிளப் இறங்கும் என்று பந்தயம் கட்டிய மாதத்தில், லீக் நடக்குமா என்பதே யாருக்கும் தெரியாத நிலை.

தரமிறக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், ஐ.எஸ்.எல்.லிலும் வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி வேண்டும். அது தலையெழுத்தாக அல்லாமல், ஆடித் தீர்த்த கணக்காக இருக்க வேண்டும். விதியை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வெளியிடட்டும். விலக்குகளை ஒழிக்கட்டும். உரிமமும் சம்பள பாக்கியும் சீசன் தொடங்கும் முன்பே பரிசோதிக்கப்படட்டும். அதற்குப் பிறகு கடைசியாக வருகிறவர் யாரானாலும் இறங்கட்டும், அது கண்டீரவாவில் ஆடும் கிளப்பாக இருந்தாலும்.

ஆரூடக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த ஆகஸ்டில் மூன்று பெயர்களைச் சொல்லும்போது, போன ஆகஸ்டில் சொன்ன மூன்று பெயர்களையும் பக்கத்திலேயே வைத்துச் சொல்லுங்கள். அதற்கு மனம் வராதவர் பேச்சைக் கேட்டு எந்தக் கிளப்புக்கும் ஸ்பான்சர் கையை விரிக்க வேண்டாம், எந்த இளம் வீரனும் ஒப்பந்தத்தை மறுக்க வேண்டாம்.