மாமா கடை லேபிளும் வட்டத்துக்குள்ள ஒரு ஆரும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் (பெரம்பலூர் தாங்க) போனப்ப மாமா ஒரு ஆணி கொடுத்தாரு. அவரோட செக்கு எண்ணெய்க்குப் புது லேபிள் போடணுமாம். "பேருக்குப் பக்கத்துல அந்த வட்டத்துக்குள்ள ஆர் மறந்துடாத மாப்ள, அதான் கம்பெனி சரக்கு மாதிரி காட்டும்"னாரு. பழைய லேபிள்லயும் அது இருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஒண்ணும் தெரியாம போட்டுக் குடுத்த புண்ணியவான் அடியேன்தான், ஹி ஹி.

"பேரைப் பதிவு பண்ணிட்டீங்களா மாமா?"

"எதுக்கு? அது டிசைன் தானே!"

அதாங்க இல்ல. 'இந்தப் பேர் டிரேட்மார்க் பதிவேட்டில் ஏறியாச்சு' என்று ஊருக்குச் சொல்ற குறி அது. பதிவாகாத பேருக்கு அதைப் போடுறது 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டத்தோட 107-வது பிரிவுப்படி தப்பு. முன்னாடி 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு. 2023-ல வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை அபராதமா மாத்திடுச்சு. டிஎம் கதை வேற. 'இது என் பேர்னு நான் சொல்லிக்கிறேன்', அவ்வளவுதான். யார் வேணா போட்டுக்கலாம். விண்ணப்பம் போட்டு நம்பர் வந்தாலும் டிஎம்தான், பதிவான பிறகுதான் ஆர். அதுவும் பதிவு செஞ்ச பொருளுக்கு மட்டும். சமையல் எண்ணெய் 29-வது வகுப்பு, சிமெண்ட் 19-வது வகுப்பு, இப்படி மொத்தம் 45 இருக்கு.

சிமெண்ட்னதும் ஞாபகம் வருது. அரியலூர்ப் பக்கம் லாரி லாரியா போற மூட்டையைப் பாருங்க, ஐஎஸ்ஐ முத்திரையும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும். லைசென்ஸ் இல்லாம அதைப் போட நம்மாளுங்க பயப்படுவாங்க. ஆர் மட்டும் கோலம் மாதிரி ஆயிடுச்சு, வாசல்ல யார் வேணா போடலாம்!

மாமா விடல. "அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு கவர்மெண்டே குடுத்துச்சே, அதானே இது?" அது 2020-ல கிடைச்ச புவிசார் குறியீடு. ஒரு கடைக்காரர் சொத்து இல்ல, அந்த ஊர்ல செதுக்குறவங்களுக்குப் பொதுவானது. அதைப் போட்டுக்கவும் தனியா பேர் பதியணும்.

'சின்னக் கடையை யாரு வந்து பாக்கப் போறா'ன்னு கேப்பீங்க. எனக்கு அபராதம் கூட பெரிய பயம் இல்லீங்க. நாளைக்கு எவனாவது மாமா பேரையே வச்சு எண்ணெய் வித்தா? பதிவு இல்லாட்டியும் 'பாஸிங் ஆஃப்'னு கேஸ் போட வழி இருக்கு. அதுக்கு, இந்தப் பேர் ரொம்ப நாளா நம்மளோடது, சனங்க நம்மளைத்தான் நினைக்கிறாங்கன்னு பழைய பில்லு, விளம்பரம் எல்லாம் காட்டணும். அங்க போய் நிக்கிறப்ப நம்ம லேபிள்லயே ஒரு பொய் இருந்தா, எதிராளி வக்கீல் முதல்ல அதைத்தானே எடுத்து நீட்டுவாரு? இருபது வருஷமா கலப்படம் இல்லாம ஆட்டின மனுஷன், ஒரு வட்டத்தால பொய்க்காரனா நிக்கணுமா?

"சரி, அந்தப் பழைய பில் புக்கெல்லாம் எங்க மாமா?"

"போன ஆடியில வீடு வெள்ளையடிச்சப்ப எடைக்குப் போட்டுட்டேன்டா."

அவ்வ்வ்வ்வ்...

மிச்சம் மீதி இருந்ததை பரண்ல இருந்து இறக்கி ஸ்கேன் பண்ணியாச்சு. தனி ஆளுக்கு ஆன்லைன்ல விண்ணப்பக் கட்டணம் 4500 ரூபாய், அதை நான் கட்டிட்டேன் (பாவத்துக்குப் பரிகாரம்). புது லேபிள்ல டிஎம்தான். கடைக்கு வர்றவங்க அது என்னன்னு கேட்டா, "தாய்மாமன்"னு சொல்லிட்டிருக்காராம் :-)