எதிர்காலம் ஒன்றா, பலவா?

காலம் மூன்று என்பது தமிழ் கற்கும் சிறு குழந்தையும் அறிந்த செய்தி. 'படித்தேன், படிக்கிறேன், படிப்பேன்' என்று தயங்காமல் ஒப்புவிக்கும் நாம், ஆங்கில வகுப்பில் 'நாளை' என்ற சொல்லைக் கண்டதும் திகைத்து நிற்கிறோம். கோடிட்ட இடம் எதுவாயினும் 'வில்' என்று எழுதி நிரப்பிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். இப்பழக்கம் நல்லதன்று என்பதும், இதற்கு மருந்து நம் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது என்பதும் எங்கள் கருத்து.

தமிழில் எதிர்காலத்தைக் காட்ட 'ப்', 'வ்' என்னும் இடைநிலைகள் உண்டு என்று நன்னூல் கூறுகிறது. ஆங்கில வினைச்சொல்லின் உள்ளே அப்படி ஓர் எழுத்து இல்லை. வெளியிலிருந்து துணைவினையை அழைத்து வருகிறார்கள். 'வில்' என்பதற்கு முற்காலப் பொருள் விருப்பம்; 'ஷல்' என்பதற்கு முற்காலப் பொருள் கடன்படுதல். ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று ஒரு தனிக் காலமே இல்லை என்று 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பேரிலக்கணம் கூறுகிறது. ஆகவே, 'இது எப்போது நடக்கும்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இது நடக்கும் என்று எதைக் கொண்டு சொல்கிறாய்?' என்றும் கேட்க வேண்டும்.

நம் கோபாலபுரத்திலேயே எடுத்துக்காட்டுகளைத் தேடுவோம். ஐப்பசி மாதத்தில் அவ்வை சண்முகம் சாலையில் நடந்து செல்கிறோம். தலைக்கு மேல் கருமேகம் திரண்டு நிற்கிறது. 'மழை பெய்யப் போகிறது' என்கிறோம். ஆங்கிலேயரும் அப்படியே 'கோயிங் டு ரெய்ன்' என்பர். கண்ணெதிரே சான்று இருப்பதே காரணம். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையமோ அடக்கமாக 'பெய்யக்கூடும்' என்கிறது. அங்கே 'மே' என்ற சொல் பொருந்தும். மார்கழியில் மியூசிக் அகாடமியில் நாளைய கச்சேரி மாலை 6 மணிக்கு என்று அச்சிட்டுவிட்டால், 'நாளை 6 மணிக்குத் தொடங்குகிறது' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் 'பிகின்ஸ்' என்பதே போதும். வரும் சனிக்கிழமை செம்மொழிப் பூங்காவுக்குச் செல்வதென்று தோழியர் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டால், 'போகிறோம்' என்கிறோம். 'வீ ஆர் கோயிங்' என்பதும் அதுவே. பாருங்கள், நம் தாய்மொழி நமக்கு எவ்வளவு துணை நிற்கிறது!

ஆனால் துணை நிற்கும் மொழியே சில இடங்களில் நம்மை வழி தவறவும் செய்யும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். 'இருங்கள், நான் திறக்கிறேன்' என்று எழுகிறோம். தமிழில் அது நிகழ்காலம். ஆங்கிலத்திலோ, அந்த நொடியில் தோன்றிய முடிவு என்பதால் 'ஐ வில் ஓப்பன்' என்றே சொல்ல வேண்டும். மாறாக, 'பாட்டி தினமும் மயிலாப்பூர் போவார்', 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று நாம் எதிர்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'கோஸ்', 'ரைசஸ்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறது. 'செய்யும்' என்னும் முற்று நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்தே காட்டும் என்று பவணந்தி முனிவர் அன்றே கூறியிருக்கிறார். அந்த நூற்பாவை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர் இங்கே தவறுவர். பொருள் உணர்ந்து படித்தவர் தவறார். இன்னொன்று: 'மழை பெய்தால் விளையாட்டு விழா இல்லை' என்னும்போது 'பெய்தால்' என்பதில் எதிர்கால எழுத்து இல்லை. ஆங்கிலத்திலும் 'இஃப் இட் ரெய்ன்ஸ்' தான். அங்கே 'வில்' என்ற சொல்லைப் புகுத்துவது இரண்டு மொழிக்கும் பொருந்தாது.

'ஷல்', 'வில்' பற்றியும் சிறிது கூற வேண்டும். தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்ற விதியை 1653-இல் ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர் தம் ஆங்கில இலக்கண நூலில் எழுதினார். ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் இலக்கண நூல் வழியாக நம் நாட்டில் பல தலைமுறையினர் இதைப் படித்தனர். ஆற்றில் விழுந்த அயல்நாட்டார் ஒருவர் இவ்விரண்டையும் மாற்றிக் கூவவே, 'மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று பொருளாகி, கரையில் நின்றவர்கள் பேசாமல் போய்விட்டார்களாம். இது வகுப்பறைக் கதை, சிரித்துவிட்டு மறக்கலாம். இன்றைய பேச்சில் 'ஷல்' பெரும்பாலும் 'போகலாமா?' என்று கேட்கும் இடத்திலும், சட்டங்களிலும், பத்துக் கட்டளைகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும்தான் நிலைத்திருக்கிறது. கடன் என்னும் பழம்பொருள் அங்கே இன்னும் வாழ்கிறது. அதை அறிந்து வைத்துக்கொள்வது நன்று; அதற்காக அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை.

அச்சம் என்றதும் ஓர் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் ஒருத்தி எழுந்து ஆங்கிலத்தில் தன் எண்ணத்தைச் சொல்லத் தொடங்குகிறாள். ஒரு வினைச்சொல் தவறுகிறது. பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. அவள் உட்கார்ந்துவிடுகிறாள்; அந்த ஆண்டு முழுவதும் மறுபடி எழுவதில்லை. இலக்கணம் பேச்சைத் திருத்துவதற்கு ஏற்பட்டது. வாயை அடைப்பதற்கு அன்று. பிழையைத் திருத்துகிறவள் தோழி. பிழையைப் பார்த்துச் சிரிக்கிறவள் தோழியாக மாட்டாள்.

பத்தாம் வகுப்பு மாணவியரைக் காணும் பெரியோர் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: 'அடுத்து என்ன செய்யப் போகிறாய்?' இதற்குப் பலர் 'அப்பா சொல்லுவார்' என்று விடையளிக்கிறோம். பெற்றோர் சொல் கேட்பது நம் கடமையே. ஆனால் 'நான் இதைச் செய்ய விரும்புகிறேன்', 'இதைச் செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன்', 'இது கைகூடலாம்' என்று மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பெண்ணின் பேச்சைப் பெற்றோரும் பொறுமையாகக் கேட்பர். எதுவும் தெளிவில்லாமல் முணுமுணுப்பவளுக்காகப் பிறரே முடிவு செய்துவிடுவர். ஆசை, திட்டம், வாக்கு ஆகியவற்றைப் பிரித்தறியும் பயிற்சி எந்த மொழியில் கிடைத்தாலும் அது வாழ்வுக்கு உதவும்.

ஆகவே, எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆசிரியப் பெருமக்களும் அருட்சகோதரியரும் கோடிட்ட இடங்களைச் சற்றுக் குறைத்து, நாளை நாங்கள் செய்யப் போவதைப் பற்றி வகுப்பில் எங்களைப் பேச விடுங்கள். தமிழாசிரியையும் ஆங்கில ஆசிரியையும் மாதத்தில் ஒரு நாளாவது ஒரே வகுப்பில் இரு மொழி வினைகளையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் பிழையோடு பேசினாலும் முழுவதும் கேளுங்கள். இளைய தங்கைகளே, 'வில்' என்று எழுதுமுன் ஒரு நொடி நின்று, 'இது என் ஆசையா, என் திட்டமா, என் வாக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் வினைச்சொல் தானே வந்து அமரும்.