மலைப்பாம்பு மோகம்: பெட்டியைச் சுமப்பவர் யார்?

நாய் வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பார்கள். வசதியுள்ள சிலருக்கு இப்போது பாம்பின்மேல் ஆசை பிறந்திருக்கிறது. அதுவும் நம்மூர்ப் பாம்பு அல்ல. 'பால் பைத்தான்' என்று ஒரு சிறு மலைப்பாம்பு. (பால் என்றால் குடிக்கிற பால் அல்ல, பந்து.) மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். விஷம் கிடையாது. நாலைந்து அடிக்குமேல் வளர்வது அபூர்வம்.

இந்தப் பாம்பைத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து மஞ்சள், வெள்ளை, திட்டுத்திட்டான நிறம் என்று பல தினுசுகளை வெளிநாட்டுப் பண்ணைகளில் உண்டாக்கியிருக்கிறார்கள். ஒரு நிறம் கைக்கு வந்தால் அடுத்த நிறத்தின்மேல் கண் போகிறது. வந்ததைப் படமெடுத்து, ஜவுளிக்கடை விளம்பரம்போல 'புதுவரவு' என்று செல்போனில் நண்பர்களுக்கு அனுப்புவதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அவரவர் பணம், அவரவர் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் புதுவரவுகளில் பல எந்த வழியாக வருகின்றன என்பதைப் பார்த்தால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

2023 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு பாங்காக்கிலிருந்து பெங்களூர் கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு வந்த விமானத்தில், எடுக்க ஆளில்லாமல் கிடந்த பெட்டிகளைச் சுங்க இலாகாவினர் திறந்தார்கள். உள்ளே 78 பிராணிகள். அவற்றில் 55 பல நிறப் பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள், 6 கபுச்சின் குரங்குகள். பாம்புகள் எல்லாம் உயிரோடு இருந்தன. குரங்குகள் ஆறும் செத்துக்கிடந்தன. உயிருள்ளவை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஆகஸ்டில், பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பிரயாணியின் பெட்டிகளில் 234 பிராணிகள் பிடிபட்டன. அவற்றோடு அடைத்திருந்த கங்காருக் குட்டி மூச்சுமுட்டி இறந்தது. 2024 ஏப்ரலில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள். சென்னையிலும் இதே கதைதான். 2023 ஜனவரியில் 45 பால் பைத்தான்கள், ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் 22 பாம்புகள்.

பாம்பு பிழைத்ததும் குரங்கு செத்ததும் தற்செயல் அல்ல. பாம்பு குளிர்ரத்தப் பிராணி. நாள்கணக்கில் தீனி இல்லாமல், துணிப்பையில் அசையாமல் கிடக்கும், சத்தமும் போடாது. கடத்துகிறவர்களுக்கு இதைவிட வசதியான சரக்கு ஏது?

ராஜநாகம் எதற்கு என்றுதான் விளங்கவில்லை. நம் ஆகும்பே காட்டிலேயே அது இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று விஞ்ஞானிகள் 2024இல் 'காளிங்கா' என்ற கன்னடப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்காகத் தயாரிப்பது. ராஜநாகக் கடிக்கு அதை நம்ப முடியாது. அந்த 17 இருந்த பெட்டியை விமானத்திலிருந்து இறக்கி வைத்த லோடர் உள்ளே இருப்பதை அறிவாரா? ரயிலில் ஒரு நாயை அனுப்பவே கால்நடை டாக்டர் சான்று கேட்டு ரசீது போட்டுத்தான் ஏற்றுகிறோம்.

பெட்டியைக் கொண்டுவருகிறவர்களுக்குச் சென்னைப் பக்கம் 'குருவி' என்று பெயர். போகவர டிக்கெட், தங்குமிடம், கையில் கொஞ்சம் பணம். திரும்பும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தால் போதும் என்பார்கள். வேலையில்லாத வாலிபருக்கு வெளிநாடு பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. பிடிபட்டால் கைதாவது அவர்தான். பயந்து பெட்டியை விட்டு நழுவினாலும், அதில் ஒட்டிய சீட்டில் இருப்பது அவர் பெயர். கொடுத்தனுப்பியவர் பெயரோ, இங்கே கண்ணாடித் தொட்டியைத் தயாராக வைத்துக் காத்திருப்பவர் பெயரோ அதில் எழுதியிருப்பதில்லை.

நம்மூர்ப் பாம்பை வைத்தும் ஒரு மோசடி நடக்கிறது. இருதலைப் பாம்பு என்கிற மண்ணுளிப் பாம்பு வீட்டிலிருந்தால் செல்வம் கொழிக்கும், லட்சக்கணக்கில் விலைபோகும் என்ற பேச்சை நம்பிப் பணம் இழந்தவர்களும் கம்பி எண்ணியவர்களும் கர்நாடகத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அதற்கு இருப்பது ஒரே தலைதான். வால் மழுங்கியிருப்பதால் இரண்டாகத் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பிராணிகளை மட்டுமே மனதில் வைத்து எழுதியது. வெளிநாட்டுப் பாம்பு விமான நிலையத்தைத் தாண்டி வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. 2020 ஜூனில் மத்திய அரசு, ஆறு மாதத்துக்குள் தாமாகவே தெரிவிப்பவர்களிடம் கொள்முதல் ஆதாரம் கேட்க மாட்டோம் என்று அறிவித்தது. 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தெரிவித்தார்கள். கணக்கெடுக்க வேண்டியது அவசியம்தான். ஆனால் முறையாக வாங்கியதும் சூட்கேஸில் வந்ததும் ஒரே பேரேட்டில் ஒரே வரியாக ஏறிவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலிலுள்ள வெளிநாட்டுப் பிராணிகளுக்கும் பொருந்துகிறது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. வைத்திருப்பது, குட்டி பிறப்பது, இறப்பது, கைமாறுவது எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். இங்கேயே பொரித்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், தாய்ப்பாம்பு எப்படி வந்தது என்று யார் போய்ப் பார்ப்பது? நேரில் சோதிக்க ஆள் போடாதவரை காகிதம் காகிதமாகவே இருக்கும்.

பாம்பு வளர்க்கும் மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சாட்சி. ஆசைக்கு வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் பெரிதானதும் சமாளிக்க முடியாமல் பலர் சதுப்புக் காட்டில் விட்டார்கள். சில தப்பியும் போயின. அவை அங்கே பெருகின. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சதுப்பில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கூறியது. அந்தப் பாம்புகளைப் பிடிக்க 2017இல் அவர்கள் வரவழைத்தது யாரை? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை: மாசி சடையன், வடிவேல் கோபால். எட்டே நாளில் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பால் பைத்தான் அவ்வளவு பெரிதாகாது என்று வளர்ப்பவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அது இருபது முப்பது வருஷம் உயிர் வாழும். அதற்குள் வேலை மாறி வெளிநாடு போகிறவர் தொட்டியை யாரிடமாவது விட்டுத்தான் போக வேண்டும். பங்களாக்களில் காவல் வேலையும் வீட்டு வேலையும் பார்க்கும் நம்மவர்கள் இந்த நகரில் ஏராளம். "கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள்" என்று யாராவது கேட்டால், பதிவுச் சான்றையும், கைமாற்றத்தைத் தெரிவித்த காகிதத்தையும் முதலில் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாவிட்டால் தொட்டி அங்கேயே இருக்கட்டும்.