வரைந்தவருக்கே மேப் சொந்தம்

ஆற்றங்கரையில் ஒரு குகை. அதற்குள் ரோஷன் என்றொரு அரக்கன். ‘டோட்டா’ என்ற கணினி விளையாட்டை ஆடிய எவருக்கும் அவனைத் தெரியும். ஆட்டத்தின் போக்கு பல நேரம் அந்தக் குகை வாசலில்தான் திரும்பும். ரோஷன் என்ற பெயர் எந்த நிறுவனத்தின் கூட்ட அறையிலும் பிறக்கவில்லை. ‘கின்சூ’ என்ற புனைபெயரில் அந்த ஆட்டத்தின் களமான மேப்பைப் பராமரித்துவந்த ஓர் ஆட்டக்காரர், தன்னுடைய பௌலிங் பந்துக்கு வைத்திருந்த பெயர் அது. சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாமல், ஆட்டத்தின் மீதிருந்த பிரியத்தால் மட்டுமே உருவான உலகம் அது என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி.

அந்த உலகத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வி இன்று கோடிக்கணக்கானவர்களைத் தொடுகிறது. ரோப்லாக்ஸிலும் ஃபோர்ட்நைட்டிலும் மைன்கிராஃப்டிலும் ஆடுகிறவர்களே ஆட்டங்களை உருவாக்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டிய மேப்களும் அவற்றில் உண்டு. ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தும் நொடியில் அவர்கள் எதை எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி நம் நாட்டில் ஆட்சியாளர்கள் பேசுவதே இல்லை.

டோட்டாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2002இல் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டை வெளியிட்டபோது, ‘வேர்ல்ட் எடிட்டர்’ என்ற கருவியையும் சேர்த்தே கொடுத்தது. மரம், மேடு, ஆறு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஆட்டக்காரரே ஒரு நிலப்பரப்பை வரையலாம். எந்த வீரன் எப்போது வருவான், செத்தால் எவ்வளவு நேரம் கழித்து உயிர்த்தெழுவான், எந்த ஆயுதத்துக்கு என்ன விலை என்பதை எல்லாம் ‘ட்ரிக்கர்’ எனப்படும் கட்டளைகளாக எழுதலாம். 2003இல் ‘யூல்’ என்ற புனைபெயர் கொண்டவர் இதை வைத்து டோட்டாவின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதற்கும் முன்பு ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டில் வேறோர் ஆட்டக்காரர் செய்திருந்த மேப் ஒன்று அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. 2004இல் யூல் விலகும்போது, விருப்பமுள்ளவர்கள் இதை எடுத்து வளர்க்கலாம், தன் பெயரை ஓரிடத்தில் குறிப்பிட்டால் போதும் என்று அறிவித்துவிட்டுப் போனார். கின்சூ எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் ‘ஐஸ்ஃப்ராக்’ என்பவர் ஆண்டுக்கணக்கில் அதைச் செதுக்கினார்.

பணம் பிறகு வந்தது, பெருமளவில் வந்தது. கின்சூ பணியாற்றிய ரயட் நிறுவனம் 2009இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு வால்வ் நிறுவனம் ஐஸ்ஃப்ராக்கைப் பணியில் அமர்த்தியது. 2013இல் ‘டோட்டா 2’ வெளியானது. டோட்டா என்ற பெயருக்காக பிளிஸார்டும் வால்வும் மோதி, 2012இல் சமரசம் செய்துகொண்டன. 2021இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை மட்டும் 4 கோடி டாலர்.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. டோட்டாவின் பாத்திரங்களை நகலெடுத்ததாக யூகூல் என்ற நிறுவனத்தின் மீது பிளிஸார்டும் வால்வும் வழக்குத் தொடுத்தன. மூல மேப்பின் உரிமை உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரேயர் 2017இல் இதை ஆராய்ந்தபோது, இரு நிறுவனங்களும் சார்ந்து நின்றது எதை? யூலும் கின்சூவும் ஐஸ்ஃப்ராக்கும் எழுதிக் கொடுத்த உரிமை மாற்றங்களை. எடிட்டர் எங்களுடையது, ஆகவே மேப்பும் எங்களுடையது என்ற வாதம் மட்டும் போதாது என்பதை அந்த நிறுவனங்களின் வழக்கறிஞர்களே உணர்ந்திருந்தார்கள். உரிமை முதலில் பிறந்தது ஆட்டக்காரர்களின் கையில்தான். அவர்கள் கொடுத்த பிறகே நிறுவனங்களுக்கு அது போனது.

இந்த அனுபவத்திலிருந்து பிளிஸார்ட் கற்றுக்கொண்ட பாடம் வேதனையானது. 2020 ஜனவரியில் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்’ வெளியானபோது விதிகள் மாறியிருந்தன. ஆட்டக்காரர்கள் உருவாக்கும் தனி ஆட்டங்கள் எல்லாம் நிறுவனத்தின் முழு, தனிப்பட்ட சொத்து. ஏதாவது சட்டத் தடையால் உரிமை தானாக மாறாவிட்டால், அதை மாற்றிக் கொடுக்க ஆட்டக்காரர் இப்போதே ஒப்புக்கொள்கிறார். படைப்பாளி என்ற முறையில் தனக்குள்ள தார்மிக உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறார். இவை அனைத்துக்கும் ஈடு, எடிட்டரைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இன்னொரு யூல் இன்று அதே எடிட்டரில் அமர்ந்தால், முதல் மரத்தை நடும்போதே அது அவருடையது அல்ல.

இது அநியாயம். ஒரு பொத்தானை அழுத்தியதால் ஒருவரின் மொத்தப் படைப்பும் கைமாறும் ஏற்பாட்டைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சின் அவர்களுடையது, ஓவியங்களும் ஒலிகளும் அவர்களுடையவை, சர்வர் செலவும் அவர்களுடையது. தாங்கள் வெளியிடும் அடுத்த அப்டேட்டில் தன் யோசனை இருக்கிறது என்று யாரோ ஒருவர் வழக்குப் போடக்கூடும் என்ற அச்சமும் உண்மையானதே. வெளியாள் லாபம் பார்ப்பதைத் தடுக்கவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். ‘டியூக் நியூக்கம் 3டி’ விளையாட்டின் ரசிகர்கள் இலவசமாகப் பகிர்ந்த 300 லெவல்களைத் திரட்டி, மைக்ரோ ஸ்டார் நிறுவனம் சிடியாக விற்றது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் அதைப் பதிப்புரிமை மீறல் என்றது. சரியான தீர்ப்புதான். ஆனால், அந்த 300 லெவல்களையும் இரவு பகலாகக் கட்டியவர்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்வோம். மூல நாவலின் உரிமை அதை எழுதியவருக்கு. அனுமதி பெற்றுச் செய்த மொழிபெயர்ப்பின் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு. இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்குவதில்லை. மேப்புக்கும் இதே நியாயம் பொருந்தும். தன் தளத்தில் ஓடவிடவும், விளம்பரத்தில் காட்டவும், வழக்குகளிலிருந்து தற்காத்துக்கொள்ளவும் நிறுவனத்துக்கு ஓர் அனுமதி இருந்தால் போதும். உரிமையையே பறிக்கத் தேவையில்லை. ‘செகண்ட் லைஃப்’ நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம், பயனர்கள் உருவாக்கும் பொருள்களின் அறிவுசார் உரிமை அவர்களுக்கே என்று 2003 நவம்பரில் அறிவித்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த மெய்நிகர் உலகம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ரோப்லாக்ஸின் விதிகளும் உரிமை படைத்தவருக்கே என்று ஒப்புக்கொண்டு, அதோடு மிக விரிவான அனுமதியையும் வாங்கிக்கொள்கின்றன. அனுமதியின் அகலத்தைப் பற்றி விவாதிக்கலாம். அடிப்படை சரியாக இருக்கிறது.

ரோப்லாக்ஸ் என்றதும் வயது பற்றிய கேள்வி எழுகிறது. 2020இல் அதன் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 13 வயதுக்கு உட்பட்டவர்கள். அமெரிக்க இசைப் பதிப்பாளர் சங்கம் 2021 ஜூனில், அனுமதியின்றிப் பாடல்கள் பயன்படுத்தப்படுவதாகச் சொல்லி அந்த நிறுவனத்திடம் குறைந்தது 20 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. செப்டம்பரிலேயே சமரசம் ஏற்பட்டது. வழக்கறிஞர் படை வைத்திருப்பவருக்கு மூன்று மாதத்தில் பதில் கிடைக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி கட்டிய மேப்பை இன்னொருவர் அப்படியே நகலெடுத்தால் அவள் யாரிடம் போவாள்?

புகார் வந்தால் நீக்கும் முறையிலும் இதே ஏற்றத்தாழ்வு. 2020 அக்டோபரில் ட்விட்ச் தளம் இசைப் பதிப்புரிமைப் புகார்களைக் காரணம் காட்டி ஏராளமான விளையாட்டு வீடியோக்களை அழித்தது. எந்த வீடியோவில் எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை, மறுப்புத் தெரிவிக்கவும் வழி வைக்கவில்லை. தன் தரப்பில் தவறு நடந்தது என்று அந்த நிறுவனமே அடுத்த மாதம் ஒப்புக்கொண்டது. அழிந்த வீடியோக்கள் அழிந்தவைதான்.

இந்தியச் சட்டத்தில் இதற்கான தீர்வின் வித்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவில், உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளியின் பெயரையும் படைப்பின் மானத்தையும் காக்கிறது. சிற்பி அமர்நாத் சேகலிடம் வாங்கி விஞ்ஞான் பவனில் வைத்திருந்த சுவர்ச் சிற்பத்தை மத்திய அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்ததற்காக, டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. பணம் கொடுத்து வாங்கிய அரசுக்கே அந்த எல்லை என்றால், பணமே கொடுக்காத நிறுவனத்துக்கு எவ்வளவு?

வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று மொஹரி பீபி வழக்கில் 1903இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே, 18 வயது நிரம்பாத ஒரு பிள்ளை ‘சம்மதம்’ அழுத்தியதை வைத்து அவர் படைப்புக்கு உரிமை கோருவது இந்த மண்ணில் நிற்காது. ஆனால், அதை நிலைநாட்ட ஒரு குடும்பம் நீதிமன்றம் ஏற வேண்டியிருப்பதுதான் கொடுமை.

திரைப்பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பல காலம் இதே நிலையில் இருந்தார்கள். தயாரிப்பாளர் நீட்டிய தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள். ஜாவேத் அக்தர் உள்ளிட்டோர் மாநிலங்களவையில் குரல் கொடுத்த பிறகு, 2012 திருத்தம் அவர்களுடைய ராயல்டிப் பங்கை யாரும் எழுதி வாங்க முடியாததாக ஆக்கியது. ஒப்பந்தத்தில் பலவீனமாக நிற்பவருக்குச் சட்டம் கைகொடுக்கலாம் என்பதற்கு அதுவே முன்னுதாரணம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பண விளையாட்டுகளைத் தடைசெய்தது, மின் விளையாட்டுகளை ஊக்குவிப்பதாகச் சொன்னது. ஆட்டங்களைப் படைக்கும் இளைஞர்களின் உரிமை பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. பதிப்புரிமையைக் கவனிக்கும் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். விளையாட்டுத் தளத்தின் பயன்பாட்டு விதிகளை ஏற்பது, 19ஆம் பிரிவின் கீழ் உரிமை மாற்றம் ஆகாது என்ற ஒரு விளக்கத்தைச் சேர்த்தால் போதும், பெரும்பகுதி சரியாகிவிடும். 57ஆம் பிரிவின் உரிமைகளைப் பொத்தான் வழியே துறக்க முடியாது என்பதும் அதிலேயே வர வேண்டும். சிறுவர்கள் கொடுத்த அனுமதியை 18 வயதானதும் திரும்பப் பெற வழி வேண்டும். ஒரு படைப்பை நீக்கினால் காரணத்தைச் சொல்லி, பதிலைக் கேட்டு, 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீட்டுத் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த 21 நாள் கணக்கு நம் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஏற்கெனவே இருப்பதுதான்.

சட்டம் வரும்வரை பெற்றோர்கள் ஒன்றைச் செய்யலாம். பிள்ளை ஏதேனும் தளத்தில் மேப் கட்டுகிறாள் என்றால், அவளோடு உட்கார்ந்து அந்தத் தளத்தின் விதிகளில் உரிமை பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள். அவள் கட்டியதன் பிரதியைத் தேதியோடு வீட்டுக் கணினியில் சேமித்து வையுங்கள்.