மாலை 5 மணி காபி... இரவு 10 மணிக்கும் பாதி பாக்கி!

பீளமேடு, அவிநாசி ரோடு பேக்கரிகளில் மாலை 5 மணி என்றால் காபி நேரம். 25 வயதில் ஒன்றும் செய்யாத அதே காபி, 65 வயதில் தூக்கத்தைக் கெடுப்பது ஏன்?

காஃபினை உடைப்பது கல்லீரல். அதன் அளவு பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். வயது கூடினால் இன்னும் தாமதமாகலாம். முதுமையில் தூக்கமும் ஆழம் குறைந்துவிடும்.

* கடைசி காபி மதியம் 2 மணிக்குள் முடியட்டும்.

* சிக்கரியில் காஃபின் கிடையாது. சிக்கரி கலந்த தூளில் காஃபின் குறைவு.

* தைராய்டு மாத்திரை போட்டதும் காபி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

* ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரலாம். அரை டம்ளராகக் குறைத்து வாருங்கள்.

தாத்தா, பாட்டி தூக்க மாத்திரை கேட்டால், முதலில் மாலை காபியைக் கவனியுங்கள்!